போனக்காட்டு லயத்தில் ஒரு பெட்டி வேதாளம்!

நள்ளிரவு. மயானம். கையில் வாள், தோளில் பிணம். மீசை முறுக்கிய அரசன் ஒருவன் நடந்து வருகிறான். பிணத்துக்குள் இருக்கும் வேதாளம் அவனுக்குக் கதை சொல்லப் போகிறது.

சிறு வயதில் இந்தப் படத்தைப் பார்த்திராத தமிழர்கள் நம்மில் வெகு சிலரே இருப்பார்கள். "அம்புலிமாமா" பத்திரிகையில் மாதாமாதம் வந்த விக்கிரமாதித்தன் கதையின் படம் அது. கதைகள் நமக்கு மறந்து போயிருக்கும். வேதாளம் என்ன கேட்டது, அரசன் என்ன சொன்னான் என்று கேட்டால் விழிப்போம். படம் மட்டும் மறப்பதில்லை.

படத்தைப் போட்டவர் யார்? எங்கள் பார்சல் ஆபீசில் ஏழு பேரிடம் இதைக் கேட்டுப் பார்த்தேன். ஐந்து பேர் தமிழர், இரண்டு பேர் மலையாளிகள். ஏழு பேருக்கும் படம் நினைவிருக்கிறது. ஓய்வு பெற இரண்டு வருடமே பாக்கியுள்ள ஒருவர் மட்டும், "அடியிலே சங்கர்னு கையெழுத்து இருக்குமே சார்" என்றார்.

கேட்கக் காரணம் உண்டு. திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாக 60 கிலோமீட்டர் அளவில் போனால் போனக்காடு. அகஸ்தியர்கூடம் ஏறுகிறவர்கள் நடக்கத் தொடங்கும் இடம். அங்குள்ள தேயிலைத் தோட்டத்து லயம் ஒன்றில், தகரப் பெட்டி நிறைய அம்புலிமாமாக்களை ஒரு பெரியவர் வைத்திருப்பதைச் சமீபத்தில் பார்த்தேன். அந்தப் பெட்டி நம்மைப் போல ஊர் விட்டு ஊர் வந்தவர்களுக்கு ஒரு செய்தி சொல்கிறது. முதலில் படம் போட்டவர்களின் கதை.

<b>யார் இந்த சங்கர்?</b>

முழுப் பெயர் கே.சி. சிவசங்கரன். 1924-ல் தாராபுரத்தை அடுத்த காரத்தொழுவு கிராமத்தில் பிறந்தவர். சென்னையில் பள்ளிப் படிப்பு. பிறகு ஓவியக் கல்லூரி. அப்போது அங்கே முதல்வராக இருந்தவர் தேவி பிரசாத் ராய் சவுத்ரி. அவரை நமக்கும் தெரியும். சென்னைக் கடற்கரையில் நான்கு பேர் பாறையைப் பெயர்த்துத் தள்ளிக்கொண்டு நிற்கிறார்களே, உழைப்பாளர் சிலை, அதை வடித்தவர் அவர்தான். உழைப்பாளியின் முதுகு நரம்பைச் சிலையில் கொண்டு வந்தவரிடம் பாடம் கேட்ட மாணவர், பிற்காலத்தில் பிணம் சுமக்கும் அரசனின் தோளை வரைந்தார். அந்தத் தோளைக் கவனித்துப் பாருங்கள். சுமை தூக்குகிறவனின் தோள் அது. பார்சல் ஆபீசில் வேலை செய்கிற எனக்கு அது நன்றாகத் தெரியும்.

படிப்பு முடிந்ததும் "கலைமகள்" பத்திரிகையில் வேலை. 1950-களின் தொடக்கத்தில் அம்புலிமாமாவுக்கு வந்தார். வந்தவர் சுமார் 60 ஆண்டுகள் அங்கேயே இருந்தார்.  மாதச் சம்பளத்துக்கு, மேஜை முன் அமர்ந்து, கொடுத்த கதைக்குப் படம் போட்டார். குமாஸ்தா வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு இது நன்றாகப் புரியும். நம் கையில் பேரேடு, அவர் கையில் தூரிகை. அவ்வளவுதான் வித்தியாசம் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. ஆனால் நம் பேரேட்டை யாரும் 50 வருடம் நினைவில் வைத்திருக்கப் போவதில்லை!

2020 செப்டம்பர் 29-ல் அவர் காலமானார். வயது 96. மறு ஆண்டு, 2021-ல், மத்திய அரசு அவருக்கு பத்மஸ்ரீ விருது அறிவித்தது. வாங்கிக்கொள்ள அவர் இல்லை.

<b>இரண்டு மொழியில் தொடங்கியது</b>

அம்புலிமாமா பிறந்தது 1947 ஜூலையில். நாடு விடுதலை அடைவதற்கு ஒரு மாதம் முன்பு. சினிமா அதிபர் பி. நாகிரெட்டியும் அவரது கூட்டாளி சக்கரபாணியும் சென்னையிலிருந்து தமிழிலும் தெலுங்கிலும் ஒரே சமயத்தில் கொண்டு வந்தனர். தெலுங்கில் "சந்தமாமா". "பாதாள பைரவி"யும் (1951) "மாயா பஜார்" படமும் (1957) எடுத்த அதே விஜயா நிறுவனத்தார்தாம் இவர்கள். திரையில் கடோத்கஜன் லட்டுகளை வாயில் பறக்கவிட்டுச் சாப்பிட்ட அதே மாய உலகம் மாதம் ஒரு முறை காகிதத்திலும் வந்தது.

பிற மொழிகளில் பின்னர் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. மலையாளத்தில் 1952-ல் வந்தது. பெயர் "அம்பிளி அம்மாவன்". ஆங்கிலம், சிங்களம், சமஸ்கிருதம் வரை போயிற்று.

இங்கேதான் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். கதைகள் பெரும்பாலும் தெலுங்கில் எழுதப்பட்டன. அதைத் தமிழில் ஒருவர் மொழிபெயர்த்தார், மலையாளத்தில் இன்னொருவர், கன்னடத்தில் வேறொருவர். மொழிக்கு மொழி சொல் மாறும், பாத்திரத்தின் பெயரும் சில சமயம் மாறும். படம் மாறாது. ஒரே படம் அத்தனை மொழிகளிலும் அச்சாயிற்று. காரத்தொழுவுக்காரர் வரைந்த வேதாளம் மலையாளக் குழந்தைக்கு மலையாள வேதாளம், மராத்திக் குழந்தைக்கு மராத்தி வேதாளம்.

விக்கிரமாதித்தன், வேதாளம் கதைகளும் அப்படி ஊர் ஊராகப் போனவைதாம். 11-ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்தில் சோமதேவர் எழுதிய "கதாசரித் சாகரம்" என்ற வடமொழி நூலில் அவை இருக்கின்றன. மூலத்தில் இருப்பது 25 கதை. பத்திரிகையிலோ ஆண்டுக்கணக்காக வந்துகொண்டே இருந்தது. வேதாளம் மறுபடி மறுபடி முருங்கை மரம் ஏறினால்தானே அடுத்த மாதம் கதை!

<b>சித்ராவின் பூதங்கள்</b>

சங்கர் ஒருவர் மட்டும் அல்ல. எம்.டி.வி. ஆச்சார்யா, வட்டாதி பாப்பையா (இவர் "வபா" என்று கையெழுத்திடுவார்), கேசவராவ் எனப் பலர் இருந்தனர். என் மனதில் முதலிடம் "சித்ரா"வுக்கு. பெண் பெயர் என்று நினைத்துவிட வேண்டாம். அவர் வீரராகவன். ஓவியக் கல்லூரிப் பக்கம் போகாமல் தானாகவே வரையக் கற்றவர். மாதாமாதம் "தொடரும்" போட்டு நம் தூக்கத்தைக் கெடுத்த மாயக் கதைகளுக்குப் பெரும்பாலும் படம் போட்டவர் அவரே.

மந்திரவாதி, மண்டை ஓடு, மலைக்குகை, பாதி மிருகம் பாதி மனிதன், பாதாளத்துப் பாம்பு என்று எதையும் விடவில்லை. இருந்தாலும் சித்ராவின் பூதத்துக்குத் தொந்தி இருக்கும். முகத்தில் கொஞ்சம் கவலையும் இருக்கும். பயமுறுத்த வந்த பூதமே பயந்து ஓடும்போது அதன் கால் பாதத்தைப் பாருங்கள், சிரிப்பு வரும். குழந்தை படுக்கையில் பயந்து அழக்கூடாது, அதே சமயம் அடுத்த மாதம் வரை மறக்கவும் கூடாது. அந்த அளவு அவருக்குத் தெரிந்திருந்தது.

சங்கரின் வழி வேறு. அவர் படத்தில் ராட்சசன் வந்தாலும், பின்னால் நிற்கும் மண்டபத்தின் தூண் சரியான தூணாக இருக்கும். மாட்டு வண்டியின் நுகத்தடி சரியாக இருக்கும். திண்ணை, உரல், குத்துவிளக்கு எல்லாம் நம் வீட்டில் உள்ளவை. சுற்றிலும் உள்ள அத்தனையும் உண்மையாக இருப்பதால், நடுவில் நிற்கும் ராட்சசனையும் நம்பிவிடுகிறோம்.

அந்தக் கதைகளை எழுதியவர் தாசரி சுப்பிரமணியம் என்ற தெலுங்கர். பல ஆண்டு அங்கே வேலை பார்த்தவர். கதையின் மேல் அவர் பெயர் அச்சாகவில்லை. ஓவியர்களுக்காவது படத்தின் மூலையில் கையெழுத்துப் போட இடம் இருந்தது. குறிப்பு எழுதுகிறவர் ஒருவர், கையெழுத்து இன்னொருவர் என்பது எங்கள் ஆபீசிலும் உள்ள வழக்கம்தான்.

அந்நாளில் படம் அச்சாவது சுலபமான காரியம் அல்ல. ஓவியர் அச்சில் வரும் அளவைவிடப் பெரிதாகக் கறுப்பு மையில் வரைவார். அதைக் காமிராவில் சிறிதாக்கி, துத்தநாகத் தகட்டில் பதித்து, அமிலத்தில் அரித்து, கோடு மட்டும் மேடாக நிற்கும்படி "பிளாக்" எடுப்பார்கள். கோடு உண்டு, கோடு இல்லை. இரண்டுக்கும் நடுவே நிழல் என்பது கிடையாது. இருட்டு வேண்டுமா? மெல்லிய கோடுகளை நூற்றுக்கணக்கில் நெருக்கி இழுக்க வேண்டும். மயானத்து இருட்டை நாம் பார்த்தோமே, அத்தனையும் ஒவ்வொரு கோடாகக் கையால் இழுத்தது.

பிற தேசத்திலும் இப்படித்தான். லண்டனில் 1865-ல் வந்த "ஆலிஸின் அற்புத உலகம்" புத்தகத்துக்கு ஜான் டென்னியல் படம் போட்டார். கோட்டுப் போட்ட முயலும் சிரிக்கும் பூனையும் அவர் கைவண்ணம். மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்தார்கள். முதலில் அச்சான 2,000 பிரதிகளில் படம் சரியாக விழவில்லை என்று அவர் குறை சொன்னதும், அவ்வளவையும் ஒதுக்கிவிட்டு மறுபடி அச்சடித்தனர். ஓவியர் சொல்லுக்கு அவ்வளவு மதிப்பு! கல்கத்தாவில் சுகுமார் ராய் தாம் எழுதிய விளையாட்டுப் பாட்டுக்குத் தாமே படம் போட்டார். அதில் வாத்தும் முள்ளம்பன்றியும் சேர்ந்த ஒரு பிராணி வரும். 1923-ல் "ஆபோல் தாபோல்" என்ற அந்தப் புத்தகம் வெளிவரும் சில நாட்களுக்கு முன் அவர் இறந்துவிட்டார். அவர் மகன்தான் சினிமா டைரக்டர் சத்யஜித் ராய்.

<b>லயத்தில் பெட்டி</b>

இனி போனக்காடு. தோட்டம் நலிந்து ஆண்டுகள் பல ஆயின. தேயிலை ஆலையில் இயந்திரங்கள் துருப்பிடித்து நிற்கின்றன. திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கமிருந்து கொழுந்து கிள்ள வந்தவர்களின் பேரன் பேத்திகள், கூரை ஒழுகும் லயங்களில் இன்னும் இருக்கிறார்கள். வெளியூர்ப் பையன்கள் இங்கே மோட்டார் சைக்கிளில் வருவது வேறு ஒன்றைப் பார்க்க. மேலே ஒரு பழைய பங்களா இடிந்து கிடக்கிறது. அதில் பேய் இருக்கிறதாம். நானும் அதைப் பற்றி எழுதலாம் என்றுதான் போனேன்.

பெரியவர் ஒருவர் வாசலில் உட்கார்ந்திருந்தார். வயது 78. "ஐயா, அந்த பங்களாவிலே பேய் இருக்குங்கிறாங்களே?" என்று கேட்டேன்.

"பேயா? நான் பொறந்தது இந்த லயத்திலே. ராத்திரி அந்தப் பக்கம் எத்தனையோ தடவை காவலுக்குப் போயிருக்கேன். ஆனை வரும், காட்டி வரும். பேய் வந்ததில்லே தம்பி. பேய் பாக்கணும்னா உள்ளே வாங்க" என்று சொல்லி, கட்டிலுக்கு அடியிலிருந்து தகரப் பெட்டியை இழுத்தார்.

உள்ளே அம்புலிமாமா. எண்ணிப் பார்த்தோம். 143 பிரதிகள். 1960-களில் தொடங்கி 80-கள் வரை. பல பிரதிகளில் அட்டை இல்லை. இருந்தவற்றில் வர்ணம் அவ்வளவாக மங்கவில்லை. தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்த ஒருவர் சந்தா கட்டி வரவழைத்துக்கொண்டிருந்தாராம். ஊருக்குத் திரும்பியபோது இவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். அதன் பிறகு இவர் சம்பள நாளில் விதுராவுக்கு இறங்கி வாங்கிச் சேர்த்தவை மீதி.

"நான் படிச்சது அஞ்சாங் கிளாஸ். தமிழ் நல்லா வாசிப்பேன். எம் மக படிச்சது மலையாளம். அவளுக்குத் தமிழ் பேசத்தான் வரும். வாசிக்க வராது. சொல்லிக் கொடுத்தாலும் உக்கார மாட்டா."

ஒருநாள் மகள் வாசகசாலையிலிருந்து "அம்பிளி அம்மாவன்" கொண்டு வந்தாள். பிரித்தால், இவர் பெட்டியில் இருக்கும் அதே ராட்சசன், அதே குதிரை, அதே இளவரசி! அவளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. இரண்டையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்தார்கள். படத்துக்குக் கீழே மலையாளத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அவள் வாசிப்பாள். அதே இடத்தில் தமிழில் உள்ளதை இவர் விரல் வைத்து வாசிப்பார். "ராஜாவு" என்று அவள் சொன்ன இடத்தில் இங்கே "ராஜா". "காடு" என்றால் இரண்டிலும் காடு. ஆறு மாதத்தில் அவள் தமிழ் எழுத்துக் கூட்டினாள். ஒரு வருடத்தில் தானாகவே வாசித்தாள்.

"வாத்தியார் சொல்லிக் கொடுக்கலே. நானும் சொல்லிக் கொடுக்கலே. அந்தப் படம் சொல்லிக் கொடுத்துச்சு" என்றார் பெரியவர்.

இவருக்கும் மலையாள எழுத்து அப்படித்தான் வந்தது. பஸ் போர்டு படிக்கவும், மனு எழுதியிருப்பதைப் புரிந்துகொண்டு கையெழுத்துப் போடவும் அது உதவிற்று. மனு என்றதும் சிரித்தார். தோட்டத்துப் பாக்கி வகையில் இவருக்கு வரவேண்டிய பணம் உண்டு. "எத்தனை பேச்சுவார்த்தை! இந்தத் தடவை முடிஞ்சுதுன்னு இறங்கி வருவோம். விதுரா வந்து சேரதுக்குள்ளே வேதாளம் முருங்கை மரம் ஏறிடும்."

இங்கே பிற மாநிலத்தில் குழந்தைகளை வளர்க்கும் நம்மில் எத்தனை பேர் வீட்டில் இதே கதை? குழந்தை மலையாளத்தில் எழுதும், ஆங்கிலத்தில் எழுதும், தாத்தாவுக்கு வந்த தமிழ்க் கடிதத்தை மட்டும் வாசிக்காது. தமிழ் வகுப்பு நடத்துகிறோம், விழா எடுக்கிறோம், மேடையில் பேசுகிறோம். ஒரே படத்துக்குக் கீழ் இரண்டு மொழியையும் வைத்துக் கொடுக்கலாம் என்று எந்தக் கூட்டத்திலும் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

<b>பெட்டிக்கு என்ன வழி?</b>

அம்புலிமாமா இப்போது வருவதில்லை. 1998-ல் ஒரு முறை நின்று, 1999 கடைசியில் மீண்டும் வந்தது. 2007-ல் பம்பாய் கம்பெனி ஒன்று வாங்கியது. 2013 வாக்கில் அச்சும் நின்றுவிட்டது. ஆகவே இருக்கிற பிரதிகள்தாம் மிச்சம்.

பெரியவரின் பெட்டியிலோ ராமபாணப் பூச்சி புகுந்துவிட்டது. மலைக்காற்றின் ஈரத்தில் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. சுவர் பக்கமாக இருந்த ஓர் அடுக்கு பாதி மாவாகிவிட்டது. கூரை ஒழுகுவதால் நெடுமங்காட்டில் இருக்கும் மகள் வீட்டுக்கு இவர் போகப் போகிறார். அது ஒற்றை அறை வீடு. பெட்டிக்கு இடமில்லை.

நகரத்திலிருந்து வந்த ஒருவர் விலை கேட்டிருக்கிறார். நல்ல விலைதான். எதற்கு என்று கேட்டதற்கு, வேதாளம் படங்களை மட்டும் வெட்டியெடுத்துக் கண்ணாடிச் சட்டம் போட்டு விற்கப் போவதாகச் சொன்னாராம். "மீதியை?" என்று இவர் கேட்டார். மீதி எதற்கு என்றார் வந்தவர். பெரியவர் பெட்டியை மூடிவிட்டார்.

வெட்டி எடுத்த படம் சுவரில் அழகாகத்தான் இருக்கும். ஆனால் கீழே எழுத்து இருக்காது. வேதாளம் ஏன் அப்படிப் பார்க்கிறது என்று கேட்கிற குழந்தைக்கு எதை வாசித்துக் காட்டுவது?

சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. செட்டிநாட்டுக் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த முத்தையா என்பவர், கையில் கிடைத்த தமிழ் அச்சுப் புத்தகம், பத்திரிகை, நோட்டீஸ் எல்லாவற்றையும் சேர்த்து வைத்தார். "ரோஜா" என்பது அவருடைய படக்கடையின் பெயர். அவர் 1992-ல் இறந்தபின், சுமார் ஒரு லட்சம் எண்ணிக்கை கொண்ட அந்தச் சேகரத்தை அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, தமிழ்நாட்டிலேயே இருக்கும்படி செய்தது. 1994-ல் உருவான நூலகம் அது. பழைய தமிழ்ப் பத்திரிகைகளைப் பாதுகாக்கும் வேலையை அங்கே அறிந்து செய்கிறார்கள். இதைப் பெரியவரிடம் சொன்னேன்.

ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "போர்டு எழுதுறவர் சேர்த்ததா? அப்போ சரி" என்றார்.

ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். ஆறு பிரதிகளை அவர் கொடுக்க மாட்டார். மகள் அன்று தரையில் விரித்து வாசித்தவை அவை. மூன்று தமிழ், மூன்று மலையாளம். மலையாளம் மூன்றும் வாசகசாலைப் புத்தகங்கள். திருப்பிக் கொடுக்காமலே போய்விட்டது என்பதைக் கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னார். பேத்திக்கு இப்போது ஏழு வயது. இங்கிலீஷ் பள்ளிக்கூடம். அவளுக்கு வேண்டுமாம்.

வாசகர்கள் வீட்டுப் பரணிலும் இப்படிக் கட்டுகள் இருக்கலாம். பழைய பேப்பர்காரரைக் கூப்பிடும் முன் ஒரு தடவை பிரித்துப் பாருங்கள். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி வைக்க வேண்டாம், உள்ளே வியர்த்துப் பூசணம் பிடிக்கும். தரையிலும் சுவரை ஒட்டியும் வைக்காமல், காற்றுப் படும் இடத்தில் பலகை மேல் படுக்க வையுங்கள். கிழிந்த பக்கத்துக்கு ஒட்டு நாடா போடாதீர்கள். நாளடைவில் அது பழுத்துக் காகிதத்தையும் கெடுக்கும்.

போனக்காட்டுப் பெட்டியை மழை பிடிப்பதற்குள் இறக்க வேண்டும். விதுரா வரை ஜீப் பேசியாகிவிட்டது. திருவனந்தபுரத்திலிருந்து சென்னைக்கு ரயிலில் பார்சல். கட்டி, முத்திரை வைத்து ஏற்றும் வேலையை எங்கள் ஆபீசில் நான் கேட்ட ஏழு பேரும் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஏற்றுவதற்கு முன் ஒருநாள் பெட்டி ஆபீசில் இருக்க வேண்டும் என்பது அவர்கள் தரப்பு நிபந்தனை.